மெம்பர்ஷிப் கடிதம் வாங்கித்தான் ஆக வேண்டுமா? பாறசாலை, களியக்காவிளை பக்கத்துச் சபைக்காரர்களிடம் ஒரு கேள்வி

எல்லைக்காரன்

சொந்த ஊர் களியக்காவிளை, தமிழ்நாடு-கேரள எல்லை. வேலை கேரளப் பக்கம் கழக்கூட்டத்தில், டெக்னோபார்க். கல்யாணத்துக்குப் பிறகு நெய்யாற்றின்கரையில் வாடகை வீடு. ஞானஸ்நானம், ஓய்வுநாள் பள்ளி, திடப்படுத்தல் எல்லாம் ஊர் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில்தான். 2020 லாக்டவுனில் கோவிலைப் பூட்டியதும் யூடியூப் ஆராதனைக்குப் பழகிவிட்டோம். திறந்த பிறகும் அந்தப் பழக்கம் முழுசாகப் போகவில்லை. ஒரு ஞாயிறு ஊர்க் கோவில், அடுத்த ஞாயிறு திருவனந்தபுரத்தில் நண்பன் போகும் பெந்தெகொஸ்தே சபை, மழை பெய்தால் கட்டிலில் உட்கார்ந்தபடியே சென்னைப் பிரசங்கம்.

ஊருக்குப் போயிருந்தபோது ஆயர் பிடித்துக்கொண்டார். "எங்கே வேண்டுமானாலும் இரு, ஆனால் ஒரு இடத்தில் இரு. நெய்யாற்றின்கரைக்கு மாற்ற வேண்டுமென்றால் இன்றைக்கே கடிதம் எழுதித் தருகிறேன்" என்றார். கோபப்படவில்லை. ஆனாலும் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. இரட்சிப்பு ஆண்டவரிடம் இருக்கிறது, சபைச் செயலரின் ரிஜிஸ்டரில் இல்லையே? பைபிளில் 'மெம்பர்ஷிப்' எங்கே இருக்கிறது? அப்பாவிடம் கேட்டால், "கல்யாணத்துக்கும் அடக்கத்துக்கும் வேண்டும்ல" என்கிறார். அவ்வளவுதானா விஷயம்?

மரச்சீனி

அவ்வளவுதான் தம்பி. கல்யாண ஓலை வாசிக்க ஒரு சபை, குழி வெட்ட ஒரு சபை. நடுவில் இருப்பதெல்லாம் அசன விருந்து, கோவில் சாப்பாடு.

உபதேசியார்_பேரன்

மரச்சீனி சிரிக்க வைக்கிறார், சரி. ஆனால் கேள்வி நல்ல கேள்வி, நம் ஊர்ச் சபை எப்படி ஆரம்பித்தது என்பதிலேயே அதற்குப் பாதி பதில் இருக்கிறது.

மயிலாடி வேதமாணிக்கத்தை எல்லோருக்கும் தெரியும். மகாராசன் என்ற பெயரில் சிதம்பரத்துக்கு யாத்திரை போனவர், திரும்புகிற வழியில் தஞ்சாவூரில் மிஷனெரிகளைச் சந்தித்து ஞானஸ்நானம் பெற்று வந்தவர். அவர் ஊர் திரும்பியபோது தெற்குத் திருவிதாங்கூரில் புராட்டஸ்டண்ட் சபை ஒன்றுகூடக் கிடையாது. எனக்கும் ஆண்டவருக்கும் நேரடித் தொடர்பு, நான் வீட்டிலேயே ஜெபித்துக்கொள்கிறேன் என்று அவர் இருந்திருக்கலாம். அந்தக் காலத்தில் அதுதான் ஆபத்தில்லாத வழியும்கூட. அவரோ, எங்கள் ஊருக்கு ஒரு ஊழியரை அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். 1806இல் மிஷனெரி ரிங்கல்தௌபே வந்தார். 1809இல் மயிலாடியில் கோவில் எழுந்தது. 1816இல் ரிங்கல்தௌபே கிளம்பிப் போனார், சபை நின்றது. ஒரு மனிதர் போன பிறகும் நிற்கிற ஒன்றைத்தான் சபை என்கிறோம். யூடியூப் பிரசங்கியார் சேனலை மூடிவிட்டால் அங்கே என்ன மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று. நமக்குச் சுவிசேஷம் கொண்டுவந்தது லண்டன் மிஷன். அவர்களில் பெரும்பாலோர் காங்கிரிகேஷனல் வழியினர், அதாவது ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே நடத்திக்கொள்ள வேண்டும் என்கிறவர்கள். அங்கே கோவிலுக்கு வந்து உட்காருவதும் அங்கத்தினர் ஆவதும் ஒன்றல்ல. மிஷன் அறிக்கைகளிலேயே 'சபையைச் சார்ந்தவர்கள்' என்று ஒரு கணக்கும், 'சபை அங்கத்தினர்' என்று வேறொரு கணக்கும் இருக்கும். முதல் கணக்கு பெரிது, இரண்டாவது சின்னது. வேதம் தெரிகிறதா, வீட்டில் எப்படி நடந்துகொள்கிறார், குடியை விட்டாரா, கடனைத் திருப்பிக் கொடுக்கிறாரா என்றெல்லாம் பார்த்த பிறகுதான் திருவிருந்துக்குச் சேர்ப்பார்கள். என் தாத்தா உபதேசியார், ஆயருக்குக் கீழே ஊர்ச் சபையைக் கவனிக்கிற ஊழியர். சனிக்கிழமை சாயங்காலம் வீடு வீடாகப் போவார். வராதவர் பெயருக்கு நேரே வெறும் புள்ளி வைக்க மாட்டார், காரணம் எழுதுவார். 'காய்ச்சல்', 'பனையேற்று', 'மருமகளோடு வழக்கு' என்று. அந்த நோட்டைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது ஆள் சேர்க்கிற கணக்கு இல்லை. மருமகளோடு வழக்கு என்று எழுதிய வீட்டுக்கு அவர் திங்கட்கிழமையும் போயிருக்கிறார்.

நம் தலைமுறையில் அந்த ரிஜிஸ்டர் சந்தா ரிஜிஸ்டராகவும் வோட்டர் லிஸ்டாகவும் சுருங்கிவிட்டது. அதனால்தான் தம்பிக்கு இந்தக் கேள்வியே வருகிறது.

விட்டுவந்தவன்

சுருங்கிவிட்டது என்று ஒரே வார்த்தையில் தாண்டிப் போகாதீர்கள் அண்ணாச்சி. சுருங்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்கிறேன்.

சபை பெயர் வேண்டாம், எல்லைக்கு இந்தப் பக்கம்தான். பாட்டி இறந்தாள். அப்பா கல்ஃபில் இருந்து திரும்பிய பிறகு வேலை இல்லாமல் கொஞ்ச வருஷம் சந்தா கட்டவில்லை. கோவில் முகப்பில் ஒரு போர்டு உண்டு, பாக்கி உள்ளவர்கள் பெயர் டைப் செய்து ஒட்டியிருக்கும். எங்கள் வீட்டுப் பெயரும் அதில் இருந்தது. பாட்டி ஐஸ் பெட்டிக்குள் கிடக்கிறாள், வெளிநாட்டில் இருந்து சித்தப்பா வரக் காத்திருக்கிறோம். முற்றத்தில் கமிட்டிக்காரர் ஒருவர் ரசீது புத்தகத்தோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கார்பன் தாளைச் சரியாக வைத்து, "எந்த மாசம் முதல் எழுதட்டும்?" என்று கேட்டார். அப்பா அக்கம்பக்கத்தில் வாங்கிக் கட்டினார். பிறகுதான் கோவில் மணி அடித்தது.

பாட்டி அந்தக் கோவில் கட்ட மண் சுமந்தவள். கோவிலுக்கென்று சமைக்கும்போது எடுத்துவைக்கிற பிடி அரிசிக் கலயத்தை ஒருநாளும் வெறுமையாய் அனுப்பாதவள். அந்தக் கணக்கு எந்த ரிஜிஸ்டரிலும் இல்லை.

அதற்குப் பிறகு நான் எந்தச் சபையிலும் பெயர் எழுதவில்லை. பைபிள் வாசிக்கிறேன், ஜெபிக்கிறேன். தம்பி, நீங்களும் அப்படியே இருங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது.

மரச்சீனி

இதைப் படித்த பிறகு ஜோக் அடிக்க மனசு வரவில்லை. ஆனால் ஒன்று, இப்போது கேரளத்தில் யாரும் அடக்கத்தைத் தடுக்க முடியாது. 2020இல் சட்டமே வந்துவிட்டதே?

வக்கீல்_குமாஸ்தா

இந்தத் தவறான எண்ணம் ரொம்பப் பேருக்கு இருக்கிறது. அந்தச் சட்டம் எல்லாச் சபைக்கும் இல்லை. கேரளச் சிரியன் கிறிஸ்தவர்களில் தங்களுக்குள் வழக்காடும் மலங்கரா ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாய தரப்புகளுக்கு மட்டும். 2017 ஜூலை 3ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்த பிறகு தகராறில் இருந்த பள்ளிகளின், அதாவது கோவில்களின், நிர்வாகம் ஆர்த்தடாக்ஸ் கைக்குப் போனது. யாக்கோபாயக் குடும்பங்கள் தங்கள் முன்னோர் கிடக்கிற கல்லறையிலேயே அடக்கம் செய்யப் போனால் தகராறு, போலீஸ், நாள்கணக்கில் காத்திருப்பு. அதைத் தீர்க்க வந்ததுதான் 2020 சட்டம். குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்யும் உரிமை உண்டு, அந்தக் கோவில் விகாரியின் (பாதிரியாரின்) ஜெபம் வேண்டாமென்றால் அடக்க ஆராதனையை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். சி.எஸ்.ஐ.க்கோ லத்தீன் கத்தோலிக்கருக்கோ பெந்தெகொஸ்தேகாரருக்கோ இது பொருந்தாது.

சட்டம் குழியைத்தான் வாங்கித் தரும். சுமந்து போக நாலு பேரை அனுப்பாது. இது என் சொந்த அபிப்பிராயம், சட்ட ஆலோசனை இல்லை.

நர்ஸம்மா

விட்டுவந்தவன் தம்பி, உங்கள் அப்பா நிலைமையை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. அந்த ரசீதுக்காரரை நியாயப்படுத்த யாராலும் முடியாது. ஆனால் சபை என்றால் அது மட்டும்தான் என்று எழுதாதீர்கள். நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன்.

பாறசாலை பக்கம் எங்கள் சபை, நூறு குடும்பத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும். அதில் ஒரு விதவை அக்கா, ரப்பர் பால் எடுக்கப் போய் மழை வழுக்கலில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஒரே மகன், மஸ்கட்டில். திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜில் சேர்த்தோம். அங்கே ஆள் இல்லாமல் முடியாது, கூட்டுக்கு இருக்க ஒருவர் இரவும் பகலும் வேண்டும். மருந்துச் சீட்டு வாங்கிக்கொண்டு ஓட வேண்டும், ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும், இரவில் பெட்பான் வைக்க வேண்டும்.

பெண்கள் சங்கச் செயலாளர் ஒரு நோட்டில் கோடு போட்டு நாள் எழுதினார். யார் வருகிறீர்கள் என்று பொதுவாகக் கேட்கவே இல்லை. சங்க லிஸ்டை எடுத்தார், மேலிருந்து கீழே வந்தார். "உனக்குச் செவ்வாய் ராத்திரி. உனக்குப் புதன் பகல்." வியாழக்கிழமைக்கு வந்த பெயர், அந்த அக்காவோடு எல்லைக் கல் தகராறில் பல வருஷமாகப் பேசாத பக்கத்து வீட்டுக்காரி. எல்லோரும் செயலாளர் முகத்தைப் பார்த்தோம். அவர் பேனாவைத் தாளில் இருந்து எடுக்கவே இல்லை, எழுதினார், அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

வியாழக்கிழமை அவள் வந்தாள். தூக்குவாளியில் கஞ்சியும் பயறும். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அன்று பகல் ட்யூட்டி, மாற்றிவிட வேண்டும் என்று கொஞ்ச நேரம் நின்றேன். கஞ்சி கொடுத்து முடித்து, அக்காவின் சிக்குப் பிடித்த தலையை மடியில் எடுத்து வைத்துச் சீப்பால் வாரிவிட்டாள். நான் கிளம்பிவிட்டேன். கல் தகராறு இன்னும் தீரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், சர்வேயர் வரப் போகிறாராம்.

நட்பு இருந்தால் நண்பர்கள் வருவார்கள். நட்பே இல்லாத ஒருத்தியை அன்று ராத்திரி வரவழைத்தது அந்த லிஸ்ட்.

எல்லைக்காரன்

அக்கா, படித்துவிட்டு என் மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். ஆனாலும் கேட்கிறேன், கோபிக்காதீர்கள். இதை ஒரு நல்ல அயல்கூட்டமோ குடும்பஸ்ரீ பெண்கள் குழுவோ செய்யாதா? எங்கள் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ரத்தம் கேட்டால் ஒரு மணி நேரத்தில் ஆள் வருகிறது. உதவிக்காகச் சபை என்றால் அது நல்ல காரணம்தான், ஆனால் விசுவாசக் காரணம் இல்லையே. என் கேள்வி பைபிளைப் பற்றியது.

அப்பம்_பிட்பவர்

பைபிள் கேட்ட தம்பிக்கு. நாங்கள் பிரதரன் கூட்டத்தார். எங்களுக்கு ஆயர் கிடையாது, சந்தா கிடையாது, தேர்தல் கிடையாது. ஆனால் எல்லைக்காரன் எங்கள் கூடுகைக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தால் அப்பம் பிட்கும்போது பின் வரிசையில்தான் உட்கார வேண்டும். தெரியாத ஊரில் இருந்து வருகிறவர் தன் சபையில் இருந்து கடிதம் கொண்டுவருவது எங்கள் வழக்கம். கடிதம் எங்கே இருந்து வந்தது? ரோமர் 16 எடுத்துப் பாருங்கள். கெங்கிரேயா சபை ஊழியக்காரியாகிய பெபேயாளைப் பவுல் ரோமாபுரிச் சபைக்கு ஒப்புவித்து எழுதுகிறார். 2 கொரிந்தியர் 3இலும் சிபாரிசுக் கடிதங்களைப் பற்றிப் பேச்சு வருகிறது. ஆகவே உங்கள் ஆயர் தருகிறேன் என்ற கடிதம் ஆபீஸ் சமாச்சாரம் மட்டும் இல்லை, அதற்கு வயது இரண்டாயிரம் ஆகப் போகிறது.

லிஸ்ட் வேண்டுமா? 1 தீமோத்தேயு 5. விதவைகள் கூட்டத்தில் யாரைச் சேர்ப்பது, அறுபது வயதுக்குக் குறையாதவளாக இருக்க வேண்டும் என்று கணக்காகவே எழுதியிருக்கிறது. லிஸ்ட் இல்லாமல் வயது எதற்கு? 1 கொரிந்தியர் 5இல் ஒருவனை உங்களைவிட்டுத் தள்ளிப்போடுங்கள் என்கிறார். உள்ளே யார் என்று தெரியாத இடத்தில் வெளியே யாரைத் தள்ளுவது? மத்தேயு 18இல், சகோதரன் குற்றம் செய்தால் முதலில் தனியாகப் பேசு, கேட்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போ, அப்புறமும் கேட்காவிட்டால் சபைக்குத் தெரியப்படுத்து என்கிறார் ஆண்டவர். எந்தச் சபைக்கு? யூடியூப் கமெண்டிலா?

எபிரெயர் 10:25ஐ எல்லா ஆயரும் சொல்வார்கள், "சபைகூடிவருதலைச் சிலர் விட்டுவிடுகிறதுபோல" என்ற வசனம். அதைக் கூட்டம் சேர்க்கிற வசனமாகப் பயன்படுத்துகிறார்கள். முந்தின வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். அன்புக்கும் நற்கிரியைகளுக்கும் ஒருவரை ஒருவர் ஏவிவிடுவதற்காகக் கூடிவரச் சொல்கிறது. ஒருவரை ஒருவர் என்றால் உங்களுக்கு யாரோ, நீங்கள் யாருக்கோ. பிரசங்கம் கேட்பது அதில் பாதிகூட இல்லை.

ஆதிச் சபையில் 'டிடாக்கே' என்றொரு சிறு நூல் இருந்தது, 1873இல் கையெழுத்துப் பிரதி கிடைத்தது. ஊர் ஊராகச் சுற்றும் ஊழியர் வந்தால் ஒருநாள் தங்கட்டும், அவசியமென்றால் இரண்டு நாள், மூன்றாம் நாளும் தங்கினால் கள்ளத் தீர்க்கதரிசி, பணம் கேட்டாலும் அப்படியே என்று எழுதியிருக்கிறது. நம் எல்லா ஜங்ஷனிலும் ஒட்டியிருக்கும் சுவிசேஷக் கூட்டப் போஸ்டர்களைப் பார்க்கும்போது எனக்கு இது ஞாபகம் வரும். ஊழியரைச் சோதிக்கத் தெரிந்த ஒரு சபை இருந்தால்தான் இந்தக் கணக்கெல்லாம் நடக்கும். தனி ஆள் போனில் பார்க்கும்போது சோதிக்கிறவர் யார்?

கடலோரப்_பங்கு

கத்தோலிக்கன் பேசலாமா? முட்டம் பக்கம். எங்களுக்கு இந்தக் கேள்வியே கொஞ்சம் விசித்திரமாக இருக்கிறது. நீங்கள் சபையைத் தேர்ந்தெடுக்கிறீர்கள், எங்களுக்குப் பங்கு எல்லைதான் முடிவு செய்யும். இந்த ஓடைக்கு இந்தப் பக்கம் பிறந்தால் இந்தப் பங்கு. பிடிக்கிற மீனில் ஒரு பங்கு கோவிலுக்கு என்பது கடற்கரையில் தலைமுறை வழக்கம். ஊர்க் கூட்டமும் கோவில் கூட்டமும் ஏறக்குறைய ஒன்று. அதன் கஷ்டங்கள் தனி. கோவிலோடு சண்டை என்றால் ஊரோடே சண்டை, வலை உலர்த்த இடம் கிடைக்காது.

எங்களிடம் அன்பியம் உண்டு, பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்து மாறி மாறி ஒவ்வொரு வீட்டிலும் கூடி வேதம் வாசிப்பது. பங்குத்தந்தை வருவதுகூடக் கட்டாயம் இல்லை. பெரிய பங்கில் ஆயிரம் குடும்பம் இருக்கும், பங்குச் சாமியாருக்கு எல்லோர் முகமும் தெரியாது. அன்பியத்தில் மறைய முடியாது. நான் குடித்துவிட்டுப் போன நாளில் எதிர் வீட்டு அம்மா என் மனைவியிடம் கேட்கவில்லை, என்னிடமே கேட்டாள். எரிச்சலாகத்தான் இருந்தது.

விட்டுவந்தவன்

எல்லோரும் அழகாக எழுதுகிறீர்கள். ஒன்று கேட்கிறேன். திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரியாக இருந்து கிறிஸ்தவரான தேவசகாயம் பிள்ளையை 2022 மே 15ஆம் தேதி ரோமில் புனிதர் ஆக்கினார்கள். அவரைச் சங்கிலி போட்டு எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துக்கொண்டு போனபோது எந்தச் சபை கூடிவந்தது? காற்றாடிமலையில் 1752இல் சுட்டுக் கொன்றபோது அவர் பெயர் எந்த ரிஜிஸ்டரில் இருந்தது? விசுவாசம் தனி ஆளிடம்தான் நின்றது.

இரண்டாவது, "நீங்கள் தேர்ந்தெடுக்காத மனிதர்களோடு சேர்வதே சபை" என்று எல்லோரும் சுற்றிச் சுற்றி அதையே சொல்கிறீர்கள். நம் சபைகளில் எத்தனை அப்படி இருக்கின்றன? ஒரே ஊரில் இந்தச் சாதிக்கு ஒரு கோவில், அந்தச் சாதிக்கு அரை மைல் தள்ளி இன்னொரு கோவில். இரண்டுக்கும் ஒரே பேராயர், ஒரே பாட்டுப் புத்தகம். திருமணம் மட்டும் தாண்டாது. நர்ஸம்மா லிஸ்டில் இருந்த எல்லாப் பெயரும் ஒரே சாதிதானே? இல்லையென்றால் சொல்லுங்கள், சந்தோஷப்படுவேன்.

நர்ஸம்மா

பெரும்பாலும் ஒன்றுதான். இரண்டு குடும்பம் வேறு. பொய் சொல்ல மாட்டேன்.

உபதேசியார்_பேரன்

விட்டுவந்தவன் தம்பி கேட்டதில் முதல் பாதிக்கு எனக்குப் பதில் இருக்கிறது, இரண்டாம் பாதிக்குப் பாதிப் பதில்தான்.

தேவசகாயம் தனியாக விசுவாசித்தவர் இல்லை. டச்சுத் தளபதி டிலனாய் வழியாகக் கேள்விப்பட்டார், 1745இல் வடக்கன்குளத்துக்குப் போய் ஞானஸ்நானம் வாங்கினார். பத்மநாபபுரத்தில் இருந்து வடக்கன்குளம் அந்தக் காலத்தில் பக்கமா? தேடித்தான் போயிருக்கிறார். சுட்டுக் கொன்ற பிறகு உடல் கோட்டாறு சவேரியார் கோவிலுக்குள் அடக்கம் ஆனது. நடுவில் தனிமை, சரி. அது அரசாங்கம் கொடுத்த தண்டனை. அவருக்குத் தண்டனையாக வந்ததை நாம் ஞாயிற்றுக்கிழமை சௌகரியமாக எடுத்துக்கொள்வது எப்படி?

ஆனால் அதே வடக்கன்குளம் உங்கள் இரண்டாம் கேள்விக்குச் சாட்சி சொல்கிறது, உங்கள் பக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே கட்டிய கோவிலுக்குக் 'கால்சட்டைக் கோவில்' என்று பெயர். பீடம் ஒன்று, உட்காரும் கூடம் இரண்டு, நடுவில் பிரித்துக் கட்டியது. இந்தச் சாதி இந்தக் காலில், அந்தச் சாதி அந்தக் காலில். பிறகு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் பிரிவினையை இடித்தார்கள், அதற்கும் வழக்கு வந்தது. தேவசகாயத்தின் ஞானஸ்நானத் தொட்டி இருந்த ஊரிலேயே அப்படி. நம் லண்டன் மிஷன் சபைகள் சுவர் கட்டவில்லை, அரை மைல் தள்ளிக் கட்டினோம். சுவரை இடிக்கலாம், அரை மைலை எப்படி இடிப்பது?

ஒன்று மட்டும் சொல்வேன். அந்தச் சுவரை இடித்தவர்கள் உள்ளே இருந்தவர்கள். வெளியே போனவர்களுக்கு அது கண்ணில் படாத சுவர்.

விட்டுவந்தவன்

கடைசி வரி நன்றாக இருக்கிறது. ஆனால் சுவருக்குத் தாழ்ந்த பக்கம் உட்கார்ந்தவனிடம் "நீ உள்ளேயே இருந்து இடி" என்று சொல்வது ரொம்பச் சுலபம்.

உபதேசியார்_பேரன்

அதற்கு என்னிடம் பதில் இல்லை.

சேனைப்_பாட்டுக்காரன்

இரட்சணிய சேனையில் இருந்து ஒரு வார்த்தை. எங்களிடம் ஞானஸ்நானமும் கிடையாது, திருவிருந்தும் கிடையாது. ஆகவே கல்யாணம், அடக்கம், திருவிருந்து என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு எங்களிடம் குறைவான சரக்குதான். ஆனால் மெம்பர் ஆகாமல் முடியாது. கொடிக்குக் கீழே நின்று உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டால்தான் போர்வீரர். மது, புகையிலை தொட மாட்டேன் என்பதும் அதில் உண்டு. எங்கள் அப்பா கையெழுத்துப் போட்ட தாள் ஃப்ரேம் போட்டு வீட்டில் தொங்குகிறது. பீடியை எடுக்கும்போதெல்லாம் அம்மா ஒன்றும் சொல்ல மாட்டாள், அந்தப் பக்கம் பார்ப்பாள். அவ்வளவுதான்.

மரச்சீனி

பேசிப் பேசி டயோசிஸ் எலெக்‌ஷன் பக்கம் யாராவது வருவார்கள் என்று காத்திருக்கிறேன். யாரும் வரவில்லையா? சரி நானே

நெறியாளர்

மரச்சீனி, வேண்டாம். எலெக்‌ஷனுக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போய் அடித்துக்கொள்ளுங்கள். மிச்சப் பதிவை நீக்கிவிட்டேன்.

எல்லைக்காரன்

எல்லோருக்கும் நன்றி. அப்பம் பிட்பவர் சார் எழுதியதை எடுத்துப் பார்த்தேன், மத்தேயு 18 உண்மையிலேயே இடித்தது. நான் தவறு செய்தால் தனியாக வந்து சொல்கிற உரிமை இப்போது யாருக்கும் இல்லை. மூன்று சபைக்குப் போகிறவனுக்கு அதுதான் வசதி, அதுதான் சிக்கல்.

நடைமுறைச் சிக்கல் ஒன்று. நெய்யாற்றின்கரையில் பக்கத்துச் சபையில் ஆராதனை மலையாளம். எனக்குப் புரியும், ஆனால் ஜெபம் வராது. கண்ணை மூடினால் தமிழ்தான் வருகிறது. மகள் பள்ளியில் மலையாளம் படிக்கிறாள், அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டத்தான் தெரியும். தமிழ்ச் சபைக்காக ஞாயிறுதோறும் களியக்காவிளை போவதா, பக்கத்துச் சபையில் சேர்வதா?

நர்ஸம்மா

இது நம் எல்லைக்கே உரிய தலைவலி. 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்கள் தமிழ்நாட்டுப் பக்கம் போயின, நெய்யாற்றின்கரை தாலுகா இங்கே கேரளத்தில் நின்றது. 1959இல் பேராயமும் தென்கேரளம், கன்னியாகுமரி என்று இரண்டானது. என் அம்மா வீடு ஒரு பேராயம், நான் வேறு பேராயம். ஒரே குடும்பப் பாட்டு, அங்கே தமிழில், இங்கே மலையாளத்தில், அதே ராகம்.

என்னைக் கேட்டால், நடந்து போகிற தூரத்தில் இருக்கும் சபை. ஜெபத்தைத் தமிழிலேயே செய்யுங்கள், ஆண்டவருக்கு இரண்டும் தெரியும். மருத்துவமனைக்குக் கஞ்சி கொண்டுவர களியக்காவிளையில் இருந்து யாரும் பஸ் ஏறி வர மாட்டார்கள், நீங்களும் அங்கே யாருக்கும் கொண்டுபோக மாட்டீர்கள். மகளுக்கு ஓய்வுநாள் பள்ளித் தோழிகள் பக்கத்துத் தெருவில் இருக்கட்டும். வீட்டு ஜெபத்தில் தமிழ் பைபிளை அவளையே வாசிக்கச் சொல்லுங்கள், எழுத்துக் கூட்டியாவது.

உபதேசியார்_பேரன்

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஜெப மொழி சின்ன விஷயம் இல்லை. வயதான பிறகு படுக்கையில் கிடக்கும்போது எந்த மொழிப் பாட்டு வாயில் வருமோ அந்த மொழிச் சபைதான் உங்கள் சபை. ஆனால் நர்ஸம்மா கஞ்சி விஷயத்தில் சொன்னது சரி, ஆகவே பாதித் தோல்வியோடு விலகிக்கொள்கிறேன்.

டீக்கன்_ஒருவர்

முழு இழையையும் படித்தேன். நான் இப்போது ஒரு சபையில் டீக்கன், விட்டுவந்தவன் சொன்ன சபை இல்லை. ஆனால் பாக்கி போர்டு எங்கள் கோவில் முகப்பிலும் உண்டு. கமிட்டியில் அதைப் பற்றிப் பேசினால் ஒரே பதில்தான் வரும்: போர்டு வைக்காவிட்டால் யாரும் கட்ட மாட்டார்கள், கட்டாவிட்டால் ஊழியர் சம்பளத்துக்கும் பேராயப் பங்குக்கும் எங்கே போவது? அந்தக் கவலை பொய் இல்லை. எங்கள் சபையில் பாதிப் பேர் ரப்பரை நம்பி இருக்கிறவர்கள், ஷீட் விலை விழுந்த வருஷம் காணிக்கைத் தட்டு எடை எங்களுக்குக் கையிலேயே தெரியும்.

ஆனால் உபதேசியார் நோட்டைப் பற்றி அண்ணாச்சி எழுதியது உறுத்துகிறது. எங்கள் ரிஜிஸ்டரில் பெயருக்கு நேரே தொகை மட்டும்தான் இருக்கிறது. ஏன் கட்டவில்லை என்று எழுத ஒரு கட்டமே இல்லை. வீட்டில் ஆள் படுத்திருக்கிறாரா, வேலை போனதா, கோபமா, ஒன்றும் தெரியாது. வருகிற சபைப் பொதுக்கூட்டத்தில் இரண்டு விஷயம் கேட்கலாம் என்று இருக்கிறேன். போர்டைக் கழற்றுவது ஒன்று. மூன்று மாதம் பாக்கி விழுந்த வீட்டுக்கு நோட்டீஸ் அனுப்பாமல் ஆயரும் ஒரு டீக்கனும் ரசீது புத்தகம் இல்லாமல் நேரில் போவது இன்னொன்று. முதலாவது தோற்கும் என்று நினைக்கிறேன். இரண்டாவது ஜெயித்தாலும் போக ஆள் கிடைக்க வேண்டும்.

விட்டுவந்தவன்

டீக்கன் சார், தீர்மானத்தை நான் எழுதித் தரட்டுமா? எந்த வார்த்தை எங்கே சுடும் என்று எனக்குத் தெரியும்.

டீக்கன்_ஒருவர்

எழுதித் தாருங்கள். ஆனால் உங்கள் பெயரில் கொண்டுவர முடியாது, பொதுக்கூட்டத்தில் அங்கத்தினர்தான் தீர்மானம் கொடுக்கலாம். நான் கையெழுத்துப் போட்டு வாசிக்கிறேன்.

விட்டுவந்தவன்

பார்த்தீர்களா, கடைசியில் அங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டீர்கள். சரி, உங்கள் பெயரிலேயே வாசியுங்கள். சாயங்காலம் எழுதி அனுப்புகிறேன். சந்தா மட்டும் கேட்காதீர்கள்.